எங்கள் நீர்த்தேக்கக் கரையில் மறுபடி பெக்கோ இயந்திரம் இறக்கும் முன்: ஒரு திறந்த மடல்

மலையகத்து நீர்த்தேக்கம் ஒன்றின் கரையைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

மீதமிருக்கும் கரையையும் வழித்து, கருங்கல் சுவர் எழுப்பி, மேலே புல்தரை விரித்து, நடைபாதை போடப் போவதாகப் பாலத்தடியில் அறிவித்தல் பலகை நட்டிருக்கிறீர்கள். சித்திரை மழைக்கு முன் வேலை தொடங்குமாம். பலகையில் தமிழ் இல்லை. எங்கள் பாடசாலைப் பிள்ளைகள்தான் சிங்களத்தில் வாசித்து லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், உள்ளவர்களுக்குச் சொன்னார்கள். இந்த வேலையை இப்படியே தொடங்க வேண்டாம் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

எந்த நீர்த்தேக்கம், எந்த அலுவலகம் என்று நான் பெயர் போடவில்லை. உங்களுக்குத் தெரியும். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, மேல் கொத்மலை என்று எந்தக் கரையில் இருப்பவர் வாசித்தாலும் தன் ஊர்க் கதை போலத்தான் இருக்கும் என்பதால் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நான் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. பிறந்தது இந்த டேமுக்கு மேலே உள்ள லயத்தில். அப்பா தேயிலை மலையில் கான், அதாவது வடிகால், வெட்டியவர், அம்மா கொழுந்து எடுத்தவர். தண்ணீர் எந்த மாதம் எதுவரை ஏறும், கரையில் எந்த இடம் இளகும், எந்தச் செடி எங்கே நிற்கிறது என்பதெல்லாம் இங்குள்ள எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். நீங்கள் எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை.

போன வருடம் பாலத்திலிருந்து விளையாட்டு மைதானம் வரையான கரையைச் சுத்தம் செய்தீர்கள். பெக்கோ இறங்கி, தண்ணீர் ஓரத்துக் கோரையையும் காட்டுச் சேம்பையும் வழித்தது. அதற்கு மேலே போவிட்டியாப் புதர்கள் இருந்தன, கெந்த மரங்கள் இருந்தன, வயதான நாவல் மரங்களும் இருந்தன. ஒரே கிழமையில் எல்லாம் போய்விட்டன. பிறகு லொறியில் கார்ப்பெட் புல் வந்தது. சட்டியில் வளர்த்த அலங்காரப் பனைகள் வந்தன. திறப்பு விழாவும் நடந்தது. நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது.

அந்த மழையை நான் விவரிக்கத் தேவையில்லை. நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்கள் பட்ட பாட்டை நாடே பார்த்தது. கரையோரச் செடி இருந்திருந்தால் மலை சரிந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு மலையே இறங்கி வரும்போது கோரை என்ன செய்யும்? நான் பேசுவது தண்ணீர் தொடுகிற கரையைப் பற்றி மட்டும்.

ரோட்டு திறந்த பிறகு போய்ப் பார்த்தேன். நீங்கள் சுத்தம் செய்த கரை பல இடங்களில் அரை வட்டமாக அறுந்து தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. கார்ப்பெட் புல், பாயைச் சுருட்டிப் போட்டது போல் கீழே கிடந்தது. புரட்டிப் பார்த்தால் அடியில் வேர் இரண்டு அங்குலம்கூட இல்லை. அலங்காரப் பனை ஒன்று வேரோடு கழன்று விழுந்திருந்தது. அந்த வேர்க்கட்டி இன்னும் சட்டியின் வடிவத்திலேயே இருந்தது. நட்ட நாள் முதல் ஒரு வேர்கூடப் பக்கத்து மண்ணுக்குள் போகவில்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மாரியம்மன் கோயில் வளைவு. அதை நீங்கள் இன்னும் தொடவில்லை. அதே மழை, அதே தண்ணீர், ஏறக்குறைய அதே சரிவு. கோரை முழுக்கச் சாய்ந்து சேறு பூசிக் கிடந்தது, ஆனால் கரை நின்றது. கோரைக்குள் கை விட்டுப் பார்த்தேன். மேலிருந்து அடித்து வந்த மண் தண்டுகளுக்கு இடையில் நான்கு விரல் தடிப்புக்குப் படிந்திருந்தது. கோரை இல்லாவிட்டால் அவ்வளவும் டேமுக்குள் போயிருக்கும்.

இப்போது அந்த வளைவையும் வழிக்கப் போவதாக உங்கள் பலகை சொல்கிறது. விழுந்த கரையைத் திருத்துகிறோம் என்று நின்ற கரையை வெட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இது தானாக உண்டான ஏரி இல்லை. மின்சாரத்துக்காகத் தண்ணீரை ஏற்றி இறக்கும் நீர்த்தேக்கம். நிறைந்திருக்கும் காலத்தில் கரை மண்ணும் தண்ணீர் குடித்துக் கனத்திருக்கும். மட்டம் சட்டென்று இறங்கினால் வெளியே தாங்கிக்கொண்டிருந்த தண்ணீர் போய்விடும், உள்ளே ஊறியது அவ்வளவு சீக்கிரம் வடியாது. அந்தக் கனத்தோடு கரை முன்பக்கம் சரியும். வெவ்வேறு ஆழத்துக்குப் போன வேர்கள் இருந்தால் மண்ணைப் பிணைத்து வைக்கும், உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சி இலை வழியே வெளியேற்றவும் செய்யும். காற்றுக்கு அலை எழுந்து அடிக்கிற மட்டத்தில் கோரையும் சம்பும் நின்றால் அலையின் வேகம் தண்டுகளுக்குள்ளேயே அடங்கிவிடும். கல்சுவரில் பட்ட அலை அடங்காது. திரும்பிப் போகும்போது சுவரின் அடி மண்ணைக் கிண்டிக்கொண்டு போகும். சுவருக்குப் பின்னால் தண்ணீர் வடிய வழி சரியாக இல்லையென்றால், மட்டம் இறங்கும் நாளில் பின்பக்கத்துத் தண்ணீரே சுவரைத் தள்ளிவிடும். உங்கள் பொறியியலாளர்களுக்கு இது தெரியாத விசயம் இல்லை.

கல்லே வேண்டாம் என்பதும் என் வாதம் அல்ல. பாலத்தின் கால்களுக்குக் கல் வேண்டும், ரோட்டு தண்ணீரை ஒட்டி வரும் இடத்துக்கும் வேண்டும். கரை முழுவதற்கும் அதையே கட்டப் போவதைத்தான் எதிர்க்கிறேன்.

மண் உள்ளே போனால் என்ன நடக்கும் என்று பார்க்க வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. பொல்கொல்லை அணை 1976 இல் வேலைக்கு வந்தது. பன்னிரண்டு வருடத்துக்குள் அதன் கொள்ளளவில் பாதிக்குக் கிட்ட மண் நிரம்பிவிட்டது. நுவரெலியா கிரகரி வாவியை 1873 இல் உண்டாக்கினார்கள். மேலே மரக்கறித் தோட்டங்களிலிருந்து வரும் மண்ணையும் உரத்தையும் அது வாங்கிக்கொண்டே இருக்கிறது, தூர்வாரித்தான் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அதே 1873 இல்தான் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையைக் கேட்டு, ஐயாயிரம் அடிக்கு மேலே உள்ள காட்டை வெட்டக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு உத்தரவு போட்டது. காட்டை அழித்துக் கோப்பி நட்டவர்களுக்கே மேலே நிற்கும் மரத்துக்கும் கீழே ஓடும் ஆற்றுக்கும் உள்ள உறவு புரிந்திருந்தது. சுதந்திரம் கிடைத்து மூன்றே வருடத்தில், 1951 இல், மண் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த நாடு இது. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலைத் தண்ணீர்தான் களனி கங்கையில் சேர்ந்து, அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டு, கொழும்பில் குழாயில் வருகிறது. மேல் கொத்மலைத் தண்ணீர் மகாவலியோடு போய் வயலுக்குப் பாய்கிறது. ஆகவே இதை ஏதோ தோட்டத்து ஆட்களின் சின்னப் பிரச்சினை என்று ஒதுக்க வேண்டாம்.

இனி, எங்களை நோக்கி நீட்டப்படும் விரலைப் பற்றி.

கரை இடிந்த பிறகு நடந்த கூட்டத்தில், லயத்துச் சனங்கள் கரையில் மரக்கறி போடுவதால்தான் மண் அரிக்கிறது என்று பேசப்பட்டதாக அறிந்தேன். எங்களை அழைக்காத கூட்டம் அது. ஆம், கரையோரம் சின்னச் சின்னப் பாத்திகள் இருக்கின்றன. போஞ்சி போடுகிறார்கள், வல்லாரையும் பொன்னாங்காணியும் வைத்திருக்கிறார்கள். வேறு எங்கே போடுவார்கள்? இந்த மலைக்கு வந்து இருநூறு வருடம் கடந்தும், வீடு கட்டப் போதுமான காணி தாருங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிற மக்கள் இவர்கள். மாதச் சம்பளத்தில் கறிக்கு ஒதுக்க முடியாத வீடுகளுக்கு அந்தப் பாத்திதான் கறி.

மண் எங்கிருந்து வருகிறது என்று உண்மையாகவே தெரிய வேண்டுமானால் ஒரு நல்ல மழை நாளில் என்னோடு வந்து மலையைப் பாருங்கள். அப்பா காலத்தில் தேயிலைக்குள் கான் வெட்டும்போது, இடையிடையே தடுப்பு விட்டுத்தான் வெட்டுவார்கள். மழையோடு வரும் மண் அந்தக் குழிகளில் தங்கும். அதை வாரித் திரும்பத் தேயிலைத் தூருக்கே போடுவார்கள். அப்பா மண்வெட்டியால் வாரிப் போட்ட கறுப்பு மண்ணின் ஈர வாசம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இப்போது பல மலைகளில் கான் தூர்ந்து கிடக்கிறது. கேட்டால் ஆளில்லை என்கிறார்கள். களைகொல்லி அடித்து, ஒரு புல்கூட இல்லாமல் மண் மொட்டையாகக் கிடக்கும் மலைகளும் உண்டு. ரோட்டு அகலமாக்கும்போது வெட்டிய மண்ணைக் கரைப்பக்கமே கொட்டிவிட்டுப் போகிறார்கள். இவ்வளவையும் விட்டுவிட்டு வல்லாரைப் பாத்தியைக் குற்றவாளியாக்குவது நியாயமே இல்லை.

எங்கள் ஆட்களுக்கு இன்னொரு பயமும் இருக்கிறது, அதையும் வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். செடி நடுகிறோம், பாதுகாப்பு வலயம் போடுகிறோம் என்று ஆரம்பித்து, கடைசியில் எங்களைத்தான் கரையிலிருந்து துரத்துவார்கள் என்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மவுஸ்ஸாக்கலையில் தண்ணீர் வற்றும் காலத்தில், டேமுக்குள் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்துக் கோயில் மேலே வரும்போதெல்லாம் சனம் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறது. டேம் கட்ட ஊரையே விட்டுக்கொடுத்தவர்களின் பிள்ளைகளிடம், ஒரு கீரைப் பாத்திதான் டேமைக் கெடுக்கிறது என்று சொல்ல முடியாது. நாட்டுச் செடிகளால் கரையைக் காக்கும் திட்டம் எங்களோடு சேர்ந்துதான் நடக்க வேண்டும், எங்களை அகற்றிவிட்டு அல்ல.

சரி, எதை நடுவது?

தண்ணீர் நிறைந்து நிற்கும் மட்டத்தை ஒட்டி, நனைந்தும் காய்ந்தும் வாழப் பழகிய கோரை, சம்பு, காட்டுச் சேம்பு. இவற்றுக்கு விதைகூட வேண்டாம். கோயில் வளைவில் உள்ள தூர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்து நடலாம். டேம் வற்றிய பிறகு கீழே தெரிகிற வெறும் சேற்றுச் சரிவு முழுவதையும் செடியால் மூட முடியாது. அதை முயலவும் வேண்டாம். அலை அடிக்கும் மேல்பட்டியை மூடினாலே பெரிய காரியம். அதற்கு மேலே போவிட்டியா. ஊதாப் பூ பூக்கும், ஈரல் நோய்க்குக் கஷாயம் வைக்கும் அந்தச் செடி எங்கள் மண்கரைகளில் தானாகவே வரும். அதற்கும் மேலே மரங்கள். ஹலப்ப என்ற பலகாரம் மடிக்க இலை தரும் கெந்த சீக்கிரம் வளர்ந்து நிழல் கொடுக்கும். அந்த நிழலில் நாவல், வெரளு, வல்சப்பு என்ற காட்டுச் செண்பகம் எல்லாம் மெதுவாக ஏறும். நாவல் விதை காய்ந்தால் முளைக்காது, பழம் விழும் காலத்தில் பொறுக்கிய கையோடு போட வேண்டும். எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் வெறும் பால்மாப் பைகளில் மண் நிரப்பி அப்படித்தான் போட்டார்கள், நன்றாக வந்திருக்கிறது.

இடிந்து செங்குத்தாக நிற்கும் இடங்களுக்கு முதலில் வெட்டிவேர் வரிசை போடலாம். அதன் வேர் நேராக இரண்டு மூன்று மீற்றர் ஆழம் போகும், பக்கத்தில் பரவித் தொல்லை கொடுக்காது. அதன் மேல் தென்னந்தும்புப் பாய் விரித்து, இடையில் செடி நடலாம். தும்புப் பாய் சில வருடங்களில் மக்கிவிடும், அதற்குள் வேர் பிடித்துவிடும். இங்கே செய்த தும்புப் பாயை வெளிநாட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் ஆற்றங்கரைகளில் விரிக்கிறார்கள். நாம் நம் கரைக்குக் கொங்கிரீட் தேடுகிறோம்.

ஒரு இடத்துக்கு ஏற்றது இன்னொரு இடத்துக்கு ஏற்காது என்பதையும் கவனியுங்கள். கண்டிப் பக்கம் மகாவலிக் கரையில் கும்புக் என்ற மருத மரம் கம்பீரமாக நிற்கிறது என்று அதைக் கொண்டுவந்து எங்கள் குளிரில் நட்டால் சரிவராது. அது கீழ்நாட்டுக்கும் நடுநாட்டுக்கும் உரிய மரம். சீக்கிரம் வளரும் என்று டர்பன்டைன் என்கிற யூகலிப்டஸும் பைனஸும் வேண்டாம், அவற்றுக்கு அடியில் புல் பூண்டு சரியாக வராமல் மண் வெளியே தெரியும். அதேபோல, கரையில் முளைப்பதெல்லாம் நல்லது என்றும் இல்லை. ஆகாயத் தாமரை 1905 இல் அழகுக்காக இந்த நாட்டுக்கு வந்த செடி. அதை ஒழிக்க 1909 இலேயே சட்டம் போட வேண்டியதாயிற்று. முள்ளோடு ஆளுயரத்துக்கு வளரும் யோத நிதிகும்ப என்ற பெரிய தொட்டாற்சுருங்கி, கண்டிப் பக்கம் மகாவலிக் கரையைப் பிடித்திருக்கிறது. இப்படிப்பட்டவற்றை வேரோடு எடுக்கத்தான் வேண்டும். எது வந்தேறி, எது இந்த மண்ணின் செடி என்று பார்த்துப் பிடுங்கக் கையும் கண்ணும் வேண்டும். பெக்கோ எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் வழிக்கும்.

புதர் இருந்தால் பாம்பு வரும், நுளம்பு வரும் என்று உங்கள் பக்கத்தில் சொல்கிறார்கள். கோரைக்குள் சின்ன மீனும் தும்பியின் குஞ்சுகளும் இருக்கும், நுளம்புப் புழுவைத் தின்பவை அவைதான். இடிந்த நடைபாதையின் பள்ளங்களில் இப்போது தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் நுளம்பு இருக்கிறது, பிள்ளைகளோடு போய்ப் பார்த்தோம். பாம்புக்குப் பயம் என்றால், மக்கள் குளிக்கவும் துவைக்கவும் இறங்கும் இடங்களில் மட்டும் பாதை திறந்து வைத்துப் படிக்கட்டுக் கட்டித் தாருங்கள். அதை நாங்கள் கனகாலமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

கோயில் வளைவிலிருந்து தொடங்கும், இன்னும் தொடாத கரையில் பெக்கோ இறக்கும் உத்தரவை உடனே நிறுத்துங்கள். இடிந்த பகுதியில் எங்கே கல் தேவை, எங்கே செடி போதும் என்று பிரித்துக் காட்டும் திட்டத்தைத் தயாரியுங்கள். மேலே சரிவு அபாயம் உள்ள இடங்களுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தையும் செடிகளுக்குப் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் ஆலோசனையையும் பெறுங்கள். அந்தத் திட்டம் தமிழிலும் பலகையில் வர வேண்டும்.

நடும் காலத்தை உங்கள் தண்ணீர்க் கணக்கோடு பொருத்துங்கள். மட்டம் இறங்கியிருக்கும்போது சித்திரையின் முதல் மழைக்கு நட்டால், தென்மேற்குப் பருவ மழையில் டேம் ஏறுவதற்குள் வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கும். அதற்குத் தண்ணீர் எப்போது எதுவரை ஏற்றப்படும் என்ற விவரம் முன்கூட்டியே எங்களுக்கு வேண்டும்.

சுற்றாடல் தினத்தன்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கன்று நட்டு, படம் எடுத்துவிட்டுப் போகும் சிரமதானமாக இது வேண்டாம். அப்படி நட்ட கன்றுகள் அடுத்த வரட்சியில் காய்ந்து நிற்பதைப் பிள்ளைகள்தான் பார்க்கிறார்கள். நர்சரி வேலைக்கும், நடுவதற்கும், குறைந்தது மூன்று வருடம் பராமரிப்பதற்கும் கரையோரத் தோட்டங்களின் பெண்களையும் ஓய்வுபெற்ற தொழிலாளர்களையும் நாட்சம்பளத்துக்கு எடுங்கள். சுவருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கே அதற்குக் காணும்.

கரைக்கு மேலே உள்ள தேயிலை மலைகளில் கான்களைத் துப்புரவாக்கித் தடுப்போடு வைத்திருக்க வேண்டும் என்று கம்பனிகளிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள். ரோட்டு மண்ணைக் கரையில் கொட்டுவதைத் தடை செய்யுங்கள். இவற்றைச் செய்யாமல் கீழே எதை நட்டாலும் அடுத்த மழை மூடிவிடும்.

மாற்றுக் காணி கொடுக்காமல் ஒரு குடும்பத்தின் பாத்தியையும் எடுக்க மாட்டோம் என்று எழுதித் தாருங்கள். கரையில் நடும் வெரளு, நாவல், வல்லாரையிலிருந்து பழமும் கீரையும் எடுக்க அந்தக் குடும்பங்களுக்கே உரிமை கொடுங்கள். அவர்களே காவலும் இருப்பார்கள்.

கடைசியாக, வேலை தொடங்கும் முன் எங்களோடு ஒரு கூட்டம் வையுங்கள். தமிழில் நடத்துங்கள், அல்லது மொழிபெயர்ப்பாளரோடு வாருங்கள். கோயில் மண்டபத்தைத் தலைவர் தரச் சம்மதித்திருக்கிறார். வேலை நாளின் நடுவில் வைத்தால் ஒருவரும் வர முடியாது, வந்தால் அன்றைய பெயர் விழாது, நாட்சம்பளம் போய்விடும். அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, ஐந்தரை மணிக்கு மேல் வையுங்கள்.

இப்படிக்கு,
கரையோரத் தோட்டப் பாடசாலை ஒன்றின் விஞ்ஞான ஆசிரியை